சிவப்புப் பூத் திப்பரத்தை: கேட்டதும் சொன்னதும்

திருகோணமலைப் பக்கம் இறக்கக்கண்டிக் களப்பில் எடுத்த திப்பரத்தைப் படத்தைக் காட்டி, களப்போரச் சதுப்பில் வளரும் இந்தச் செடியில் ஒரு இனம் இலங்கையில் அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று சொன்னதில் இருந்து ஒரே கேள்விமயம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நிலாவெளித் தம்பி: அண்ணை, அழியப்போகிறது என்கிற செடி இதுதானா? எங்கள் வளவுக்குப் பின்னால் நிறைய நிற்கிறதே.

இல்லை தம்பி. உங்களிடம் நிற்பது வெள்ளைப் பூ, அது வேறு இனம். ஆபத்தில் இருப்பது சிவப்புப் பூக்காரி, லும்னிட்செரா லிட்டோரியா. உலகக் கணக்கில் அதற்குப் பெரிய ஆபத்தில்லை, ஆனால் இலங்கையில் பார்க்க பலப்பிட்டி மாதுகங்கைக்குத்தான் போகவேண்டும். 2003இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவித்த இடம் அது.

பூக்காத நேரத்தில் எப்படிப் பிரித்தறிவது?

கஷ்டம்தான். இரண்டுக்கும் தடித்த இலை, நுனியில் நகத்தால் கிள்ளிய மாதிரி ஒரு பள்ளம். பூத்தால் சந்தேகமே வராது: வெள்ளை இலைக்கக்கத்தில் பூக்கும், சிவப்பு கிளை நுனியில் கொத்தாகப் பூத்து, மகரந்தத் தாள்கள் இதழைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். தேன்சிட்டுகளுக்கு அதில் நல்ல விருந்து.

கிண்ணியா அக்கா: சிவப்பின் விதையை மாதுகங்கையில் இருந்து கொண்டுவந்து இங்கே நட்டால் என்ன?

வேண்டாம் அக்கா. கண்டல் என்கிற சதுப்பு மரத்தின் காய் மரத்திலேயே முளைத்துத் தொங்கும், திப்பரத்தையினதோ மிதக்கும் சின்னக் காய், பிளந்து பார்த்தால் பலதும் வெறும் கோதுதான். மாதுகங்கை இருப்பது ஈர வலயம், ஆற்றுத் தண்ணீர் வந்து கலந்துகொண்டே இருக்கும். இங்கே ஆவணியில் களப்போரம் உப்புப் பூத்துக் கிடக்கும். சுனாமிக்குப் பிறகு நாங்கள் ஆர்வக்கோளாறில் அலையடிக்கிற சேற்றில் கண்டலை வரிசையாகக் குத்திவிட்டு வந்தோம், அடுத்த வருடம் போனால் கட்டியிருந்த தடிகள் மட்டும் நின்றன. நாடு முழுக்க இதே கதைதான்: 23 நடுகை இடங்களைப் பார்த்த ஆய்வொன்றில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை.

அப்போ நாங்கள் என்னதான் செய்வது?

வெள்ளையை விடாமல் பாருங்கள். இரண்டு திப்பரத்தையும் களப்பின் கரைப்பக்க விளிம்பில், கண்ணா, தில்லை என்கிற சதுப்பு மரங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறவை. வருடத்தில் பாதி நாள் அந்த நிலம் காய்ந்து வெடித்துக் கிடப்பதால் பார்ப்பவர்களுக்குச் சும்மா தரிசு. நிலம் நிரப்ப முதல் லோட் கிரவல் விழுவதும் அங்கேதான். வளவு வாங்க வருகிறவர்களைக் கார்த்திகை மழையில் ஒருக்கா அந்த விளிம்பில் நடக்க விடுங்கள், முழங்கால் வரை தண்ணீர் நிற்கும்.