ரயில் பாலமும் அதிர்வும்: உங்கள் கேள்விகள்

கேள்வி: சார், நின்றாலும் ஓடினாலும் ரயிலின் எடை ஒன்றுதானே? ஓடும்போது மட்டும் பாலத்துக்கு ஏன் கூடுதல் சுமை?

பதில்: எடை ஒன்றுதான், அது இறங்கும் விதம்தான் வேறு. தண்டவாள இணைப்பில் சக்கரம் இடிக்கும். ஓரிடத்தில் தட்டையாகத் தேய்ந்த சக்கரம் சுற்றுக்கு ஓர் அடி போடும். பெட்டி ஸ்பிரிங்கின் மேல் குதித்துக்கொண்டே வரும். இதற்கெல்லாம் சேர்த்து, நிலையான சுமையோடு ஒரு பங்கு கூட்டிக் கணக்கிடுவோம். நம் ரயில்வேயின் அகலப்பாதைச் சூத்திரம் 0.15 + 8/(6 + நீளம்), நீளம் மீட்டரில். 72.5 மீட்டர் கண்ணுக்கு (கண் என்பது இரு தூண்களுக்கு நடுவே உள்ள பாலத் துண்டு; புதிய பாம்பனின் தூக்குப் பாலம் அந்த அளவு) சுமார் 25 சதவீதம் வரும். 18.3 மீட்டர் கண்ணுக்கு 48. வாய்க்கால் மேல் கிடக்கிற 6 மீட்டர் குட்டிப் பாலத்துக்கோ 82! அதை யாரும் நின்று பார்ப்பதுகூட இல்லை.

கேள்வி: ரயில் போகும்போது பாம்பன் பாலம் ஆடுகிறதே, ஆபத்தா?

பதில்: ஆடாத பாலம் கிடையாது. எவ்வளவு ஆடலாம் என்று கணக்கிட்டுத்தான் கட்டுகிறார்கள். வீடியோ எடுக்கப் பாலத்தின் மேல் ஏறாதீர்கள்.

கேள்வி: படைவீரர்கள் ஒரே சீராக நடந்து இங்கிலாந்தில் பாலம் விழுந்ததே. ரயிலுக்கும் அதே கதைதானே?

பதில்: 1831, பிராட்டன் தொங்குபாலம். சங்கிலியைப் பிடித்திருந்த போல்ட் ஒன்று உடைந்தது, அது மோசமான போல்ட் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரயிலில் தாளம் போடுவது பெட்டியின் நீளம். 24 மீட்டர் பெட்டி, நொடிக்கு 5 முறை ஆடும் பாலம் என்றால், இரண்டும் ஒத்துப்போக நொடிக்கு 120 மீட்டர், அதாவது மணிக்கு 432 கிலோமீட்டர் வேகம் வேண்டும். நம் வண்டி எங்கே, அது எங்கே!

கேள்வி (அவரே): நாலில் ஒரு பங்கு வேகத்திலும் ஒத்ததிர்வு (தள்ளும் தாளமும் பாலத்தின் ஆட்டமும் ஒத்துப்போவது) வருமே? 108 கிலோமீட்டர் நம் வண்டி போகிற வேகம்தானே?

பதில்: அப்படிக் கேளுங்கள்! வரும். ஆனால் நாலு ஆட்டத்துக்கு ஒரு தள்ளுதான் கிடைக்கும். நடுவில் உள்ள மூன்று ஆட்டத்தில் தண்டவாளத்துக்கு அடியில் உள்ள ஜல்லியும் மூட்டுகளும் உராய்ந்து பெரும்பகுதியைத் தின்றுவிடும். அதிவேக ரயிலில்தான் இது நிஜத் தலைவலி. பிரான்சின் டிஜிவி அதிவேக ரயிலில் போகி (பெட்டியைத் தாங்கும் சக்கரத் தொகுதி) இடைவெளி 18.7 மீட்டர். நொடிக்கு 4 முறை ஆடும் பாலத்துக்கு மணிக்கு 270 கிலோமீட்டரே போதும். 1981இல் திறந்த பாரிஸ்-லியோன் தடத்தில் சில சிறுபாலங்களில் ஜல்லி நெகிழ்ந்தே போனது. இன்று ஐரோப்பிய விதி, ஜல்லிப் பாலத்தின் முடுக்கத்துக்கு 3.5 மீ/நொடி² என்று வரம்பு வைத்திருக்கிறது.

கேள்வி: பாலம் ஆடினால் விழுமா சார்?

பதில்: மேலே பாம்பனுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். ஆட்டத்தை விடுங்கள், விரிசலைப் பாருங்கள் என்பேன். ஒவ்வொரு ரயிலும் இரும்பை இழுத்து விடுகிறது. லட்சக்கணக்கான முறை ஆனபின், ரிவெட் துளையிலோ குறுக்குக் கர்டர் மூட்டிலோ மயிரிழை விரிசல் விடும். பழைய பாலங்களில் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: எங்கள் ஊர் மேம்பாலம் லாரி போனால் அதிர்கிறது.

பதில்: அது சாலைப் பாலம். நெடுஞ்சாலைத் துறையில் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: பாம்பன் ஆடுவதை நேரில் எங்கே நின்று பார்க்கலாம்?

பதில்: பக்கத்துச் சாலைப் பாலத்திலிருந்து. ரயில் பாலத்தில் ஏறாதீர்கள்!