டொக்டர் கனவும் ஆட்டோ லீசிங்கும்: மஸ்கெலியா அம்மா ஒருவருக்குப் பதில்

மஸ்கெலியாவிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். மகன் உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதி இரண்டு சி, ஒரு எஸ் (சாதாரண சித்தி) எடுத்திருக்கிறார். மறுபடி எழுதி டொக்டராகிக் காட்டுவேன் என்கிறார். படித்தது போதும், லீசிங்கில் ஒரு ஆட்டோ எடுத்துக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வான் என்பது அவருடைய அப்பாவின் பேச்சு. இதற்கு நடுவில் மூன்று மாதத்தில் உடம்பை ஏற்றப்போவதாகச் சொல்லி, சீட்டுக் காசில் புரோட்டீன் மாவு வேறு வாங்கி வைத்திருக்கிறார். "நடக்கிற காரியமாக இவனுக்கு ஏதாவது சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறீர்கள்.

நடக்கிற காரியம் என்றால் ஆசையைக் குறைத்துக்கொள்வது என்று பலர் நினைக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் புத்திமதி தேவைக்கு மேலேயே கிடைத்திருக்கிறது. "லயத்துப் பிள்ளைக்கு இது போதும்" என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பேரைக் கொழும்புக் கடைகளுக்கு பஸ் ஏற்றிவிட்டோம். அதை நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். ஆசை எவ்வளவு பெரியது என்று நான் பார்ப்பதில்லை. அதற்குப் போகிற வழி வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் தெரியுமா என்றுதான் பார்ப்பேன்.

உங்களுக்கு இது புதிய கணக்கும் இல்லை. ஒரு பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, எத்தனை கிலோ கொழுந்து எடுக்கவேண்டும் என்று தெரிந்துதானே காலையில் மலைக்கு ஏறுகிறீர்கள். பெப்ரவரிப் பனியிலும் வெயிலிலும் கொழுந்து குறைந்திருக்கும்போது வரும் கிலோ வேறு, சித்திரை மழைக்குப் பிறகு வரும் கிலோ வேறு. முதல் நிறுவையைப் பார்த்ததுமே, பேர் விழுமா, அரைப் பேரில் நின்றுவிடுமா, மிச்ச நேரத்தில் கை எவ்வளவு ஓடவேண்டும் என்று மனதுக்குள் கணக்கு ஓடிவிடும். மகனிடம் இல்லாதது அந்த முதல் நிறுவைதான். கடைசிப் பெறுபேறு வரும்வரை, தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமலே படித்திருக்கிறார்.

சரி, டொக்டர் விஷயத்துக்கு வருவோம். பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரத்தை 3 தடவைதான் எழுதலாம். மகனுக்கு ஒன்று முடிந்துவிட்டது. தெரிவு நடப்பது இசட் புள்ளியை வைத்து, அதாவது மற்றப் பிள்ளைகளின் புள்ளிகளோடு ஒப்பிட்டுக் கணிக்கும் புள்ளியை வைத்து. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் நுவரெலியாவும் ஒன்று, பதுளையும் ஒன்று. ஆகவே கொழும்பில் எழுதும் பிள்ளைக்கு வேண்டிய புள்ளியே உங்கள் மகனுக்கும் வேண்டும் என்று எண்ணிப் பயப்படவேண்டாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு ஆண்டும், ஒவ்வொரு பாடநெறிக்கும், ஒவ்வொரு மாவட்டத்துக்குமான வெட்டுப்புள்ளியை, அதாவது அனுமதி கிடைத்த ஆகக் குறைந்த இசட் புள்ளியை, வெளியிடுகிறது. நுவரெலியா மாவட்டத்து மருத்துவ வெட்டுப்புள்ளியைக் கடந்த மூன்று ஆண்டுகளுக்கு எடுத்து, மகனுடைய இசட் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அவரே தன் கையால் எழுதட்டும்.

அந்த இடைவெளி பெரிதாகத்தான் இருக்கும், அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. சி என்றால் 55க்கும் 64க்கும் இடைப்பட்ட புள்ளி. மருத்துவத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏ, பி வாங்கியவர்கள். ஆனாலும் இரண்டாவது தடவை எழுதட்டும் என்றே நான் சொல்வேன். மூன்று பாடமும் சித்தியடைந்த பிள்ளை அவர். எங்கள் பக்கத்தில் தமிழ் மொழியில் விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகளே குறைவு. ஆசிரியர் இல்லாமல் அலகுகள் விடுபட்டுப் போவது சாதாரணம். விடுபட்டது எது என்று கண்டுபிடித்தால் கூட்ட முடிந்த புள்ளி அதற்குள் இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? இரசாயனவியல் முதலாம் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 50 பல்தேர்வு வினா, 2 மணித்தியாலம். வாரத்துக்கு ஒரு பழைய வினாத்தாள், மணிக்கூட்டை வைத்துக்கொண்டு, போனை உங்களிடம் கொடுத்துவிட்டு எழுதவேண்டும். திருத்தியதும் புள்ளியைப் பார்த்துக் கொப்பியை மூடிவைப்பதுதான் வழக்கம். அங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது. பிழைத்த ஒவ்வொரு வினாவும் எந்த அலகு என்று ஒரு கொப்பியில் கோடு போட்டு வரவேண்டும். நாலைந்து வாரத்தில் சேதன இரசாயனத்துக்கு நேரே கோடுகள் வரிசையாக நிற்கும், வேறொரு அலகுக்கு நேரே ஒன்றுமே இருக்காது. அப்புறம் டியூஷனுக்குப் போனால் எதற்காகப் போகிறோம் என்பது தெரியும். இப்போது உங்கள் மகன் ஹட்டனுக்குப் போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டுவிட்டு வருகிறார். பஸ் காசும் போகிறது, நாளும் போகிறது.

மகனிடம் "டொக்டராவேன்" என்பதைச் சுவரில் எழுதச் சொல்லாதீர்கள். அது அவர் கையில் மட்டும் இல்லை, மற்றப் பிள்ளைகள் எப்படி எழுதுகிறார்கள் என்பதிலும் இருக்கிறது. "ஞாயிற்றுக்கிழமை ஒரு வினாத்தாள், திங்கட்கிழமை பிழைத்த அலகு" என்று எழுதட்டும். மூன்று மாதம் கழித்து ஒரு நாளைக் கலண்டரில் குறித்துவையுங்கள். அன்றைக்கு நேரம் வைத்து எழுதும் தாள்களில் 65ஐத் தாண்டுகிறாரா என்று அப்பாவையும் வைத்துக்கொண்டு பாருங்கள். தாண்டினால் வீடு முழுக்க அவருக்குப் பின்னால் நிற்கவேண்டும், படிப்பை நிறுத்தும் பேச்சையே எடுக்கக்கூடாது. அசையவே இல்லையென்றால், அடுத்து என்ன என்று அப்போது பேசலாம். இந்த ஒப்பந்தத்தை இப்போதே செய்யுங்கள், பெறுபேறு வந்த அழுகைக்கு நடுவில் செய்யமுடியாது.

இன்னொன்று, ஏன் டொக்டர் என்று அவரிடம் கோபமில்லாமல் கேட்டுப் பாருங்கள். தோட்ட டிஸ்பென்சரியில் மருந்துக்குக் காத்துக்கிடக்கும் சனத்தைப் பார்த்து வந்த ஆசையென்றால் தாதியர் பயிற்சி இருக்கிறது, ஆய்வுகூடத் துறை இருக்கிறது, பேராதனையில் இணை சுகாதார விஞ்ஞான பீடம் இருக்கிறது. உயிரியல் பிடிக்கும் என்பதுதான் காரணமென்றால் ஆசிரியர்களைப் பயிற்றும் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி கொட்டகலை பத்தனையில், பக்கத்திலேயே இருக்கிறது. மூன்று ஆண்டுப் பயிற்சி, கடைசி ஆண்டு பாடசாலையில் கற்பித்தல். மலையகத்தில் விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் எத்தனை டொக்டர்களை உருவாக்கலாம் என்பதையும் அவர் யோசிக்கட்டும். இவற்றுக்கு விண்ணப்பம் கோரும்போது, மறுபடி பரீட்சை எழுதுகிறோமே என்று விட்டுவிடாமல் போடவேண்டும்.

ஆட்டோ விஷயம். அப்பாவின் பயம் நியாயமானது. ஒரு ஆண்டு வருமானமில்லாமல் ஒரு இளைஞனை வீட்டில் வைத்திருப்பது சுமைதான். ஆனால் அவர் சொல்லும் வருமானக் கணக்கு எந்த மாதத்துடையது என்று கேளுங்கள். சிவனொளிபாதமலைப் பருவகாலம் டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு முடிகிறது. அந்த மாதங்களில் மஸ்கெலியாவிலும் நல்லதண்ணியிலும் ஆட்டோக்காரருக்கு ஓட்டம் இருக்கும். ஜூனில் தென்மேல் பருவமழை பிடித்ததும் வீதியில் ஆளே இருக்காது. லீசிங் தவணை மட்டும் மாதா மாதம் அதே தொகைதான். ஆகவே ஜூலை மாதத்து ஓட்டத்தை வைத்துத் தவணையைப் போட்டுப் பாருங்கள். பெற்றோல், சேர்விஸ், இன்சூரன்ஸ் கழித்து அந்த மாதத்திலும் கட்டமுடியுமென்றால் அது நடக்கக்கூடிய தொழில். முடியாதென்றால் ஆறு மாதத்தில் நகை அடகுக்குப் போகும், பிறகு வண்டியும் போகும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், ஆட்டோ வைத்திருக்கும் ஒருவரிடம் போன ஜூலைக் கணக்கைக் கேட்கலாம். பருவகாலத்தில் நாள் வாடகைக்கு ஓட்டியும் பார்க்கலாம், லைசன்ஸ் எடுத்துவிட்டு. படிப்புக்குப் பக்கத்தில் வாரத்தில் இரண்டு நாள் அப்படி உழைத்தால் அப்பாவுக்கும் மனம் ஆறும்.

வண்டி ஓட்டுவதைவிட வண்டி திருத்துவதில் அவருக்குக் கை போகும் என்றால், தொழிற்பயிற்சி அதிகாரசபை நடத்தும் பாடநெறிகளைப் பாருங்கள். தேசிய தொழில் தகைமை நான்காம் மட்டத்தில் தொடங்கி, டிப்ளோமா வழியாக ஏழாம் மட்டமான பட்டம் வரை போகலாம். கராஜில் வேலை செய்தே பழகியவர்களுக்கும், கைத்திறனைச் சோதித்து அந்தச் சான்றிதழ் தருகிறார்கள்.

உடம்பு ஏற்றுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று மாதத்தில் படத்தில் பார்க்கிற உடம்பு வராது. வராத ஏமாற்றத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள். வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்கி ஏறுவதிலேயே அதில் பெரும் பங்கு வந்துவிடும். மிச்சத்துக்குத் தண்டால் எடுக்கட்டும், இந்த வாரம் பத்து முடிந்தால் அடுத்த வாரம் பன்னிரண்டு. புரோட்டீன் மாவுக்குப் போகும் காசில் முட்டை, பருப்பு, நெத்தலி வாங்குங்கள். இரவு ஒரு மணிவரை போன் பார்க்கும் பழக்கத்தை மட்டும் கண்டிப்பாக நிறுத்தவேண்டும், படிப்பும் உடம்பும் இரண்டும் அங்கேதான் கெடுகிறது.

அடுத்த முறை கடிதம் எழுதாமல், மகனையும் அப்பாவையும் சேர்த்தே கூட்டிக்கொண்டு நேரில் வாருங்கள். பெறுபேற்றுத் தாள், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை மூன்றும் வேண்டும். மூன்றிலும் மகனுடைய பெயரும் அப்பாவின் பெயரும் ஒரே எழுத்தில் இருக்கின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள். தோட்டத்துப் பதிவுகளில் பெயர் மாறிக் கிடந்து, நேர்முகத் தேர்வு நாளில் திரும்பி வந்த பிள்ளைகள் உண்டு. வித்தியாசம் இருந்தால் பெறுபேறு வரும்வரை காத்திருக்காமல் பிரதேச செயலகத்துக்குப் போய்த் திருத்தக் கொடுங்கள், அதற்கு நாள் எடுக்கும்.