கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: மாமாக் கடையில் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடிக்கும்போது வாக்குவாதம். “நமக்குக் கீழடி இருக்கிறது, இந்த மலேசியப் பழங்குடிகள் ஓராங் அஸ்லிகளுக்கு என்ன இருக்கிறது? நாகரிகம் இல்லாதவர்கள்” என்கிறான் நண்பன். ஒரு பண்பாட்டை நாகரிகமானது என்று சொல்ல அளவுகோல் உண்டா ஐயா?
– கல்லூரி மாணவர், பட்டர்வொர்த்

பதில்: உண்டு தம்பி. ஆனால் உங்கள் நண்பர் அதை வேறு வேலைக்கு எடுத்துவிட்டார். ஊர் எப்படி நகரமானது என்று விளக்க, தொல்லியலாளர் கார்டன் சைல்ட் 1950இல் பத்து அடையாளங்கள் சொன்னார். மக்கள் பெருக்கம், உபரி விளைச்சல், பெரிய கட்டடம், எழுத்து என்று போகும் பட்டியல். அதிலும் ஓட்டை உண்டு. தென்னமெரிக்க இன்காக்களின் சாலைகள் 30,000 கிலோமீட்டருக்கு மேல். கணக்கைக் கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்தார்கள். நாம் எழுத்து என்று சொல்வது அவர்களிடம் இல்லை. அவர்களை எங்கே உட்காரவைப்பது?

சரி, அது ஆய்வாளர் பாடு. நான் தோட்டத்தில் பிறந்தவன். துரை பங்களாவில் எழுத்து, கட்டடம், உபரி எல்லாம் இருந்தது. என் தாத்தா சம்பளக் கணக்கு கேட்கப் போனால் மழையானாலும் வாசலுக்கு வெளியேதான் நிற்பாராம். அந்தப் பட்டியலில் துரை தேறுவார், கையெழுத்துப் போடத் தெரியாத தாத்தா தேறமாட்டார். உங்கள் நண்பர் இப்போது துரையின் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார்.

வள்ளுவர் ‘நாகரிகம்’ என்ற சொல்லை வைத்தது கண்ணோட்டம், அதாவது இரக்கம் பற்றிய அதிகாரத்தில். பழகியவர் நஞ்சு ஊற்றுவதைப் பார்த்தும் மறுக்காமல் உண்பார்களாம், நாகரிகம் வேண்டுபவர்கள் (குறள் 580). எனக்கு அவ்வளவு முடியாது. தே தாரிக்கில் சீனி கூடினாலே சண்டைக்குப் போவேன்.

அப்புறம், நண்பரிடம் பேராக் மாநிலத்து லெங்கோங் குகையில் நம் பினாங்குப் பல்கலைக்கழகக் குழு தோண்டி எடுத்த மனிதரைப் பற்றிச் சொல்லுங்கள். 10,000 ஆண்டுக்கு முந்தையவர். இடது கை பிறவியிலேயே குறைபட்டது. வேட்டையாடிப் பிழைத்த கூட்டத்தில் அப்படிப்பட்டவர் நடுவயதுவரை வாழ்ந்திருக்கிறார் என்றால், பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். இறந்தபின் கால்களை மடக்கி, இறைச்சியும் கல் கருவிகளும் உடன் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். அங்கே நகரமும் கிடையாது, எழுத்தும் கிடையாது.

2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பள்ளத்தாக்கு அது. அங்கே அருங்காட்சியகமும் உண்டு. ஒரு விடுமுறை நாளில் நண்பரை அழைத்துப் போங்கள். பெட்ரோல் காசை அவரிடமே வாங்குங்கள்.