காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. குளிர் காய்ச்சலும் இடுப்புக்கு மேல் வலியும் வந்தது. சிறுநீரகத் தொற்று என்று சொல்லி, 10 நாளுக்கு ஆன்டிபயாட்டிக் சிரப் கொடுத்திருக்கிறார் டாக்டர். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டு, ஓடி விளையாடுகிறாள். சிரப்பால் வயிறும் கொஞ்சம் இளகிப் போகிறது. இத்தோடு நிறுத்தலாமா? சிறுநீரகம் வரை போன தொற்றுக்கு ஊசிதானே போட வேண்டும்?

பதில்: இப்போது நிறுத்தாதீர்கள். காய்ச்சல் விட்டது மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். கிருமி முழுதாகப் போய்விட்டது என்பதற்கு அல்ல. இந்தத் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா. அது சிறுநீர்ப்பையிலிருந்து மேலேறிச் சிறுநீரகத் திசுவுக்குள் புகுந்துவிடுகிறது. பாதியில் விட்டால் மிச்சமிருக்கும் கிருமி மறுபடி தலையெடுக்கலாம். ஒவ்வொரு முறை சிறுநீரகத்தில் தொற்று வரும்போதும் அதில் நிலையான தழும்பு விழும் அபாயம் உண்டு. எனக்கு உண்மையில் கவலை தருவது அந்தத் தழும்புதான்.

தெரிந்த குழந்தை யாருக்காவது 3 நாள் மருந்திலேயே சரியாகியிருக்கலாம். அது காய்ச்சல் இல்லாமல் சிறுநீர்ப்பையோடு நின்ற தொற்றாக இருந்திருக்கும். சிறுநீரகத்துக்கு வழக்கமாக 7 முதல் 10 நாள் வேண்டும். மருந்தும் வேறு. சிறுநீர்ப்பைத் தொற்றுக்குக் கொடுக்கும் நைட்ரோஃபுரான்டோயின் போன்றவை சிறுநீரில் சேருமே தவிர, சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது.

ஊசி பற்றிய பயம் வேண்டாம். வாந்தி எடுக்காமல் மருந்தை உள்ளே வைத்துக்கொள்ளும் குழந்தைக்குச் சிரப்பும் ஊசிக்கு நிகராகவே வேலை செய்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 3 மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை, எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுக்கும் குழந்தை, துவண்டு கிடக்கும் குழந்தை ஆகியோருக்குத்தான் மருத்துவமனையில் சேர்த்து நரம்பு வழியாக மருந்து ஏற்றுவோம்.

வயிறு இளகுவது இந்த மருந்துகளில் சகஜம். தண்ணீர், உணவு வழக்கம்போல் கொடுங்கள். தண்ணீராகவே போனாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, உடம்பில் தடிப்பு வந்தாலோ டாக்டரைக் கூப்பிடுங்கள். மூச்சுத் திணறினால் நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

சிரப்பைச் சமையல் கரண்டியால் அளக்காதீர்கள். குழந்தையின் எடைக்குக் கணக்கிட்ட அளவு அது. மருந்தளக்கும் சிரிஞ்சில் எடுங்கள். பாட்டிலை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: மருந்து தொடங்கும் முன் யூரின் கல்ச்சர் (சிறுநீரில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்தார்களா? முடிவு வர ஓரிரு நாள் ஆகும். வந்ததும், கொடுக்கும் மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படுகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். மருந்தை மாற்றவோ நாட்களைக் குறைக்கவோ வேண்டியிருந்தால் அவரே சொல்வார். பொதுவாக 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கத் தொடங்க வேண்டும். இறங்காவிட்டால் கல்ச்சரைத் திரும்பப் பார்த்து, ஸ்கேனும் எடுக்க வேண்டிவரும். உங்கள் மகள் அந்தக் கட்டத்தை நல்லபடியாகத் தாண்டிவிட்டாள்.

தொற்று திரும்பத் திரும்ப வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது மலச்சிக்கலைப் பற்றி. மலம் தேங்கிய குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் சிறுநீர் முழுதாகக் காலியாவதில்லை. தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகும். விளையாட்டு மும்முரத்தில் சிறுநீரை அடக்கி வைக்கும் பழக்கமும் அப்படித்தான்.

இனி சளி, இருமல் எதுவுமின்றி அவளுக்குக் காய்ச்சல் வந்தால், அன்றே சிறுநீர்ப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். சிகிச்சை தள்ளிப்போகப் போகத் தழும்பு விழும் வாய்ப்பு கூடும். வீட்டில் மீந்த சிரப்பை ஒரு வேளை கொடுத்துப் பார்த்துவிட்டு வராதீர்கள். அந்த ஒரு வேளை மருந்தே போதும், தொற்று இருந்தும் கல்ச்சரில் கிருமி வளராமல் போய்விட.