நடு வரிசையில் யார்?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறேன். வயது 46. ஒன்பது ஆண்டுகளாக இன்னோவா வைத்திருக்கிறேன். இப்போது சொகுசு எஸ்யூவி ஒன்று வாங்க முடிவு செய்திருக்கிறேன். ஆன்ரோடு விலை ஒன்றேகால் கோடிக்குள் இருக்க வேண்டும். மனம் பிஎம்டபிள்யூ எக்ஸ்5 பக்கம் சாய்கிறது. மெர்சிடீஸ் ஜிஎல்இ, ஆடி கியூ7, வால்வோ எக்ஸ்சி90 ஆகியவற்றையும் பார்த்துவிட்டேன். 22 அங்குலச் சக்கரம், பனோரமிக் சன்ரூஃப், ஏர் சஸ்பென்ஷன், விலை உயர்ந்த மியூசிக் சிஸ்டம், ஏடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் பாதுகாப்பு வசதிகள்) ஆகியவற்றில் எதற்குப் பணம் கொடுக்கலாம்? வெளிநாட்டு பையர்களை (எங்களிடம் ஆடை வாங்குகிறவர்களை) கோவை விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவதால் நடு வரிசை நல்ல வசதியாக இருக்க வேண்டும். வீட்டில் நானும் மனைவியும், 17 வயது மகனும், 13 வயது மகளும், அப்பாவும் அம்மாவும் இருக்கிறோம். ஏழு இருக்கை வண்டி என்றால் அப்பாவும் அம்மாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வார்கள். அம்மாவுக்கு மூட்டு வலி என்பதால் இப்போதெல்லாம் அவர் அதிகமாக வெளியே வருவதும் இல்லை. எந்த வண்டி, எந்த ஆப்ஷன், எந்த நிறம் என்று சொல்லுங்கள்.

– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்:

கார் வாங்குவது பற்றி இந்தப் பகுதிக்கு ஏராளமான கடிதங்கள் வருகின்றன. உங்கள் கடிதத்தைப் போல எல்லாவற்றையும் அலசிப் பார்த்து எழுதப்பட்டவை குறைவு. ஆனால் அதில் ஒரே ஒரு சொல்லில் என் கண் நின்றுவிட்டது. "உட்கார்ந்துகொள்வார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பையரைப் பற்றி எழுதும்போது நடு வரிசை "நல்ல வசதியாக இருக்க வேண்டும்" என்கிறீர்கள். பெற்றவர்களைப் பற்றி எழுதும்போது அவர்கள் கடைசி வரிசையில் "உட்கார்ந்துகொள்வார்கள்" என்கிறீர்கள். ஒருவருக்கு நீங்கள் இடம் செய்து கொடுக்கிறீர்கள், மற்றவர்கள் கிடைத்த இடத்தில் தங்களைப் பொருத்திக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வந்து போகிற பையருக்கும் உங்களைப் பெற்றவளுக்கும் நடுவில் இப்படி ஒரு வித்தியாசம் உங்கள் பேனாவில் தானாக வந்து விழுந்திருக்கிறது என்பதை, எந்த வண்டி என்று கேட்பதற்கு முன்னால் நீங்கள் கவனித்திருக்க வேண்டும்.

இன்னோவாவில் அம்மா எங்கே உட்கார்ந்து வந்தார்? நடு வரிசையில், இடதுபக்க ஜன்னலோரம் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் இன்னோவாவின் அந்த இடம் பெரும்பாலும் வீட்டுப் பெரியவருடையதாகவே இருக்கிறது. அப்படியானால் நீங்கள் கேட்பதன் பொருள் என்ன? அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து ஒரு வண்டி வாங்குகிறீர்கள், அந்த வண்டியில் அம்மா ஒரு வரிசை பின்னுக்குப் போகிறார்.

மூன்றாம் வரிசை என்றால் என்ன என்பதை, ஷோரூமில் அதன் மெத்தையைத் தட்டிப் பார்த்ததற்கு மேல் நீங்கள் அறிந்திருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கியூ7, எக்ஸ்சி90 இரண்டிலும் அந்த இடத்துக்குப் போக, நடு இருக்கையை மடித்து முன்னால் தள்ளிவிட்டு, கிடைக்கிற குறுகிய சந்தில் ஒரு காலை உயரத் தூக்கி வைத்து, குனிந்து, உடம்பைத் திருப்பி உள்ளே நுழைய வேண்டும். தேய்ந்துபோன மூட்டு அந்த ஒரு நொடியில் முழு உடல் எடையையும் மடங்கிய நிலையில் தாங்க வேண்டியிருக்கும். புடவைக் கொசுவம் ஒரு பக்கம் சிக்கும். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி எட்டாது. உட்கார்ந்த பிறகும் தரை உயரமாகவும் இருக்கை தாழ்வாகவும் இருப்பதால் முழங்கால் இடுப்பைவிட மேலே எழுந்து நிற்கும், அதே நிலையில் இரண்டு மணி நேரம் வந்தால் இறங்கும்போது கால் நீட்ட வராது. அந்த வரிசை பின்அச்சுக்கு மேலேயே இருப்பதால் குழியில் விழும் அதிர்ச்சியும் வளைவின் ஆட்டமும் அங்கேதான் அதிகம். வால்பாறைச் சாலையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒருமுறை கடந்து பாருங்கள். வால்வோ நிறுவனமே தன் மூன்றாம் வரிசையை 170 சென்டிமீட்டர் உயரம் வரை உள்ளவர்களுக்கு என்றுதான் சொல்கிறது. உங்கள் மகள் அங்கே சுகமாக இருப்பாள், மகனும் சமாளிப்பான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பெண்மணிக்கு அது இடமே இல்லை.

"அவர் அதிகமாக வெளியே வருவதும் இல்லை" என்று அடுத்த வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோகிறீர்கள். அதை இயல்பாக நடந்துவிட்ட ஒன்றாக எடுத்துக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. நம் அம்மாக்கள் "எனக்கு ஏற முடியவில்லை, என்னால் உங்களுக்குத் தாமதம் ஆகிறது" என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "நீங்க போய்ட்டு வாங்க, வீட்டுல ஒரு ஆள் இருக்கணுமில்ல" என்பார்கள். "வெயில் ஒத்துக்கலை" என்பார்கள். குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு மட்டும் எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு வருவார்கள். நானும் ஒரு காலத்தில் என் அம்மா சொன்ன இப்படிப்பட்ட காரணங்களை அப்படியே நம்பினேன். அவர் பயணத்தை விரும்பாதவர் என்றே பல ஆண்டுகள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வேனின் படி அவருக்கு எட்டவில்லை என்பதை ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிய காலையில், அவர் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ஒரு பலகையை எடுத்துப் போட்டு ஏறியபோதுதான் கண்டேன். அந்தக் காட்சியை நான் மறக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன்.

எனவே முதலில் இருக்கையைத் தீர்மானிப்போம். நீங்களும் மனைவியும் முன்னால், அப்பாவும் அம்மாவும் நடுவில், பிள்ளைகள் இருவரும் கடைசியில். இதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. இளையவர்கள் பின்னால் நுழைந்து உட்கார்வதும், இறங்கி வந்து பாட்டிக்குக் கதவைத் திறந்து விடுவதும் அவர்களுக்கு ஒரு குறையும் அல்ல. அதை அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் வீடுதான். பையர் வருகிற நாளில் நடு வரிசை காலியாகத்தானே இருக்கும்? அம்மாவுக்கு வசதியான இருக்கை அவருக்கும் வசதியாகவே இருக்கும்.

ஆறு பேருக்கு இப்படி இடம் போட்டதும் உங்கள் பட்டியல் தானாகவே சுருங்கிவிடுகிறது. சென்னைக்குப் பக்கத்திலேயே உருவாகும் எக்ஸ்5 ஓட்டுவதற்கு மிக நல்ல வண்டி, அதன் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினும் அருமையானது. ஆனால் உங்களுக்குக் காட்டியிருக்கும் எக்ஸ்5, ஜிஎல்இ இரண்டும் ஐந்து பேருக்கானவை. அதில் ஒன்றை வாங்கினால் குடும்பத்தோடு கிளம்புகிற ஒவ்வொரு முறையும் ஒருவர் வீட்டில் நிற்க வேண்டும், நிற்கப்போவது யார் என்பது உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுங்கள். மீதம் கியூ7, எக்ஸ்சி90. இரண்டிலும் பெட்ரோல் எஞ்சின்தான். ஆடியில் மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், வால்வோவில் இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர். நெடுஞ்சாலையில் ஆடி இன்னும் இலகுவாகப் போகும். மூன்றாம் வரிசையில் பிள்ளைகள் தினமும் இல்லாவிட்டாலும் அடிக்கடி உட்காருவார்கள் என்றால் நான் வால்வோவைச் சொல்வேன். ஆனால் இரண்டில் எது என்ற தீர்ப்பு என்னுடையதும் அல்ல, உங்களுடையதும் அல்ல. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆப்ஷன்களில் முதலில் ஏர் சஸ்பென்ஷன். இதற்குப் பணம் கொடுங்கள், அல்லது இது கூடவே வருகிற வேரியன்ட்டை எடுங்கள். விற்பனையாளர் இதைப் பற்றிப் பேசும்போது குழியில் மிதந்து போகும் சுகத்தைச் சொல்வார். எனக்கு முக்கியம் வேறு: வண்டி நிற்கும்போது அதன் உடலைச் சில சென்டிமீட்டர் தாழ்த்த முடியும். மூட்டு வலி உள்ளவருக்கு அந்தச் சில சென்டிமீட்டர்தான், தானே ஏறுவதற்கும் இன்னொருவர் தூக்கிவிட ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம். ஏறி இறங்குவதற்காகத் தாழும் வசதி நீங்கள் எடுக்கும் வேரியன்ட்டில் இருக்கிறதா, எந்த பட்டனில் இருக்கிறது, டெலிவரி கொடுக்கும்போது அதை அமைத்துத் தருவார்களா என்று கேட்டு, கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். இந்த சஸ்பென்ஷனில் வண்டியைத் தாங்கும் காற்றுப் பைகள் ரப்பரால் ஆனவை, சில ஆண்டுகளில் கசியக்கூடியவை, மாற்றும் செலவு லட்சங்களில் போகும். ஆகவே மியூசிக் சிஸ்டத்துக்கு ஒதுக்கிய பணத்தை நீட்டிக்கப்பட்ட வாரண்டிக்குத் திருப்பிவிடுங்கள்.

22 அங்குலச் சக்கரம் வேண்டவே வேண்டாம். எக்ஸ்5 கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: 20 அங்குலச் சக்கரத்துக்கு 275/45 அளவு டயர் (அகலம் 275 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 45 சதவீதம்) என்றால் பக்கச்சுவர் ஏறத்தாழ 12.4 சென்டிமீட்டர்; 22 அங்குலத்துக்கு 275/35 என்றால் அது 9.6 சென்டிமீட்டராகக் குறைகிறது. குறைந்த அந்த மூன்று சென்டிமீட்டர் ரப்பரும் காற்றும்தான் குழியின் அடியை வாங்கிக்கொள்கிறவை. குழாய் பதிக்கத் தோண்டி மூடிய தெருக்களில் மெல்லிய டயரின் பக்கச்சுவர் புடைக்கும், ரிம் வளையும், முதுகுத்தண்டு வரை அதிரும். எந்த வண்டியை எடுத்தாலும் அதற்குக் கிடைக்கிற சிறிய சக்கரத்தையே எடுங்கள்.

சன்ரூஃப் பற்றி யோசிக்கவே தேவையில்லை, நீங்கள் பார்த்த நான்கிலும் அது கூடவே வருகிறது. திரை நன்றாக மூடுகிறதா என்று நண்பகல் வெயிலில் பாருங்கள், பிள்ளைகள் அதில் தலை நீட்ட அனுமதிக்காதீர்கள். ஏடாஸில் தானாக பிரேக் போடுவதும் பக்கவாட்டில் வருகிற வண்டியை எச்சரிப்பதும் சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் உங்களுக்குப் பயன்படும். 360 டிகிரி கேமரா திருப்பூர்த் தெருக்களில் தினமும் பயன்படும். நடு வரிசைக்குத் தனி ஏசி கட்டுப்பாடும், ஜன்னலுக்குத் திரையும், மூன்றாம் வரிசைக்குக் காற்றுத் துவாரமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கவாட்டில் அலங்காரமாகப் பொருத்தும் கால்படியை அம்மா மிதித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். குறுகலான படி பாதத்தைத் தாங்காது, இருக்கையை ஓர் எட்டு தள்ளியும் வைத்துவிடும்.

விலையிலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யூவிகளுக்கு, செஸ்ஸோடு சேர்ந்து 50 சதவீதமாக இருந்த வரி 40 சதவீத ஜிஎஸ்டியாகக் குறைந்தது உண்மை. ஆனால் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 2023 நவம்பரிலிருந்து ஆயுட்கால சாலை வரி 20 சதவீதம். ஷோரூம் விலை 95 லட்சம் என்றால் சாலை வரி மட்டும் ஏறத்தாழ 19 லட்சம். விலைச்சீட்டில் சேர்கிற ஐந்து லட்ச ரூபாய் ஆப்ஷன் ஒவ்வொன்றும் வரியில் இன்னொரு லட்சத்தையும், ஆண்டுதோறும் காப்பீட்டில் ஒரு பங்கையும் இழுத்துக்கொண்டு வரும்.

சீட் பெல்ட் விஷயத்தில் பெரியவர்களிடம் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே நடந்த விபத்தில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது அவர் ஒரு சொகுசுக் காரின் பின்இருக்கையில், பெல்ட் அணியாமல் இருந்தார் என்று காவல்துறை சொன்னது. எத்தனை ஏர்பேக் இருந்தாலும் பெல்ட் இல்லாத உடலை அவற்றால் காப்பாற்ற முடியாது. அம்மாவுக்குக் கொக்கி எட்டவில்லை என்றால் அருகில் இருப்பவர் போட்டுவிட வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். 2024 அக்டோபரில் 63.90 லட்சம் ஷோரூம் விலையில் மறுபடி வந்த கியா கார்னிவலைப் போய்ப் பாருங்கள். அது எஸ்யூவி அல்ல, உங்கள் சங்கத்துக் கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்காமலும் போகலாம். ஆனால் அதன் தரை தாழ்வு, நடுக் கதவு பட்டனில் பக்கவாட்டில் நகர்ந்து முழுதாகத் திறக்கிறது, நடு வரிசையில் காற்றோட்டம் உள்ள தனித்தனி இருக்கைகள் இரண்டு இருக்கின்றன, கடைசி வரிசையில் பிள்ளைகள் அமர்ந்த பிறகும் ஆறு பேரின் பெட்டிகளுக்கு இடம் மீதம் இருக்கிறது. மற்ற இரண்டிலும் மூன்றாம் வரிசையை நிமிர்த்தினால் பெட்டிகளை எங்கே வைப்பது என்று தேட வேண்டியிருக்கும். என் வீட்டுக்கு என்றால் நான் இதைத்தான் வாங்குவேன்.

தம்பி, முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வார நாள் காலையில், கூட்டம் இல்லாத நேரத்தில், அம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். "உங்களுக்காகப் பார்க்கிறோம்" என்று சொன்னால் "எனக்கெதுக்கு" என்று மறுத்துவிடுவார், ஆகவே "வண்டி பார்க்கப் போகிறோம், வாங்க" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் வழக்கமாகக் கட்டும் புடவையோடு, நடு வரிசையின் இடதுபக்கத்தில், முதலில் உட்கார்ந்துவிட்டுப் பிறகு கால்களை உள்ளே திருப்புகிற முறையில், மூன்று முறை ஏறி இறங்கட்டும். நீங்கள் கை கொடுக்காமல் தள்ளி நின்று அவர் முகத்தைப் பாருங்கள். மூன்றாவது முறையும் முகம் சுளிக்காமல் எந்த வண்டியிலிருந்து இறங்குகிறாரோ அதை எடுங்கள்.

நிறத்தை மகளிடம் கேளுங்கள். கடைசி வரிசையில் உட்காரப்போகிறவளுக்கு அந்த உரிமையையாவது கொடுக்க வேண்டும்.