முதலில் மலை, அப்புறம் கடல்! (வாசகர் கேள்வி–பதில்)

கேள்வி: பிப்ரவரியில் நண்பர்கள் நான்கு பேர் ஏழு நாள் இலங்கை போகிறோம். முதல் இரண்டு நாள் ஹிக்கடுவையில் ஸ்கூபா (காற்று உருளையோடு கடலுக்குள் மூழ்குவது), இரண்டாம் நாள் மதியமே கிளம்பி அன்றிரவு சிவனொளிபாத மலை, அடுத்து கித்துல்கலையில் ராஃப்டிங், கடைசியில் வெலிகமவில் சர்ஃபிங். சரிவருமா? — ஒரு வாசகர், திருச்சி

பதில்: இடங்கள் சரி, மாதமும் சரி. பிப்ரவரியில் தென்மேற்குக் கடல் அமைதியாக இருக்கும். மலையேற்றப் பருவமும் அதுதான். வரிசைதான் ஆபத்தானது.

கடலடி அழுத்தத்தில் உடம்பில் நைட்ரஜன் கரைகிறது. கரையேறிய பிறகும் அது மெள்ள மெள்ளத்தான் வெளியேறும். அதற்குள் உயரமான இடத்துக்குப் போனால், சோடா பாட்டிலைத் திறந்த கதைதான்: உள்ளே குமிழிகள் கிளம்பும். மூட்டுவலியில் தொடங்கி கைகால் செயலிழப்பு வரை போகலாம். விமானம் ஏற, ஒரே முறை மூழ்கியவர் 12 மணி நேரமாவது, பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. மலை உச்சி 2,243 மீட்டர். பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் அழுத்தமும் ஏறக்குறைய அந்த உயரத்துக்கானதுதான். ஆகவே மலைக்கும் அதே கணக்கு.

இப்படி மாற்றுங்கள். முதல் நாள் இறங்கியதும் கித்துல்கலை. இரண்டாம் நாள் காலை ராஃப்டிங், மதியம் மலையடிவார ஊரான நல்லதண்ணிக்குப் போய் ஏழு மணிக்கே படுத்துவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு ஏறினால் சூரிய உதயத்துக்கு உச்சி. போயா தினமும் (பௌர்ணமி) வார இறுதியும் வேண்டாம். கூட்டத்தில் படியில் நிற்கத்தான் முடியும். ஏறத்தாழ 5,500 படி. ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடையைப் பதம் பார்க்கும். அந்த வலி ஒன்றிரண்டு நாள் கழித்தே உச்சத்துக்கு வரும் என்பதால், நான்காம் நாளைப் பயணத்துக்கு விடுங்கள். ஐந்தாம் நாள் ஸ்கூபா, ஆறாம் நாள் சர்ஃபிங், ஏழாம் நாள் விமானம். 18 மணி நேரக் கணக்கும் தானாகத் தீர்ந்துவிடும்.

உச்சியில் குளிரும். வியர்த்த சட்டையோடு உட்காராமல் மாற்றுச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். சளி பிடித்தால் காதில் அழுத்தம் சமமாகாது. ஸ்கூபாவை விட்டுவிட வேண்டியதுதான். மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம் என்று இறங்கினால், அதன் வேகம் நீருக்கடியில் குறைந்து, மேலே வரும்போது காது அடைத்துக்கொள்ளும்.

சர்ஃபிங் பழக வெலிகமவைத் தேர்ந்தது நல்லது, அடியில் மணல். எட்டு, ஒன்பது அடி ஃபோம் பலகையே கேளுங்கள். குட்டிப் பலகையில் புதியவர் எழுந்து நிற்பது அபூர்வம். அலை வரும்போது பலகையை உங்களுக்கும் அலைக்கும் நடுவில் பிடிக்காதீர்கள், முகத்தில் அடிக்கும்.

பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டு விலக்கப்பட்டிருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள்.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. கித்துல்கலையில் ராஃப்டிங் போகலாமா? — ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: போகலாம், தெரியாது என்பதை வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிட்டு. மழை பெய்து களனி கங்கை ஏறியிருந்தால் மட்டும் தவிர்த்துவிடுங்கள். லைஃப் ஜாக்கெட்டைப் பூட்டியதும் தோள்பட்டியைப் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அது தளர்வு, வேறு அளவு வாங்குங்கள். ஆற்றில் விழுந்தால் மல்லாந்து, கால்களை நீரோட்டம் போகும் திசையில் நீட்டி, பாதத்தை நீர்மட்டத்தில் வைத்து மிதந்து போங்கள். முழங்கால் ஆழம்தானே என்று எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் பாதம் சிக்கினால், பின்னால் வரும் நீர் முகங்குப்புறத் தள்ளிவிடும்.