டெல்லியில் "பனி" என்றால் எது?

கேள்வி: 'டெல்லியில் ஒரே பனி' என்றேன், ஊரில் அம்மா ஐஸ் மழையா என்கிறார். பனி என்றால் சரியாக என்ன?

பதில்: அம்மா கேட்டதிலும் தப்பில்லை. புல்லில் விடியற்காலை முத்து முத்தாக நிற்பதும் பனிதான், சிம்லாவில் வெள்ளையாகக் கொட்டுவதும் பனிதான். இந்தியில் இவற்றுக்கு ஓஸ், பர்ஃப் என்று தனித்தனிப் பெயர். ஜனவரியில் டெல்லி முனிர்காவில் எதிர் வீட்டையே மறைப்பது கோஹ்ரா, தமிழில் மூடுபனி. தரையை ஒட்டி நிற்கும் மேகம் என்றே சொல்லலாம். 1,000 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாவிட்டால் வானிலைக்காரர்கள் அதை மூடுபனி என்பார்கள். கண்ணுக்குத் தெரியும் தூரம் 50 மீட்டருக்கும் கீழே போனால் மிக அடர்ந்த மூடுபனி. அன்று ரயில் நேரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள்.

வெறும் 'பனி' நம் ஊரில் பருவத்தையும் குறிக்கும். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. 'பனியில நிக்காத, சளி பிடிக்கும்' என்று பாட்டி அதட்டுவது இந்த இரவு ஈரத்தை நினைத்துத்தான். பழந்தமிழில் பனித்தல் என்றால் நடுங்குதலும்கூட. கண் பனித்தது என்றால் நீர் கோத்தது.

அம்மாவிடம் 'மூடுபனி, ரோடே தெரியல' என்று சொல்லுங்கள், போதும்.